தீக்கேயிடம் சொன்னது

என் கணவர் இறந்த சில வாரங்களில், கடைக்குப் பார்லி வாங்க வந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் வாயிலிருந்துதான் தீக்கே என்ற பெயரை முதன்முதலில் கேட்டேன்.

பாரிஸில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடக்கு முனையில், மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கிட்டவாக உள்ள ஒரு கடையில் நான் வேலை செய்கிறேன். முன்பக்கம் பலசரக்கு, பின்பக்கம் பூசைச் சாமான். நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரி. முதலாளி யாழ்ப்பாணத்துச் சைவர். எந்தப் பூசைக்கு எது வேண்டும் என்று அவர் சொல்லித்தந்ததை வைத்துக்கொண்டு, கும்பாபிஷேகத்துக்குச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கே நான் எடுத்துக் கொடுப்பேன். கணவரை அடக்கம் செய்த அடுத்த கிழமையே வேலைக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நாள் நின்று வரச் சொன்னார் முதலாளி. வீட்டில் நின்றாலும் கடையில் நின்றாலும் எனக்கு ஒன்றுதான் என்றேன். அது உண்மை.

அந்தப் பெண்மணி நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். பார்லி, தேன், வாசனை சேர்க்காத சாம்பிராணி. மூன்றையும் மேசையில் வைத்துவிட்டு, நாங்கள் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டி, அடுத்த அமாவாசை எப்போது என்று கேட்டார். முதலாளிக்கு ஆர்வம் வந்துவிட்டது. எந்தத் தெய்வத்துக்கு என்று விசாரித்தார்.

"தீக்கே" என்றார் அவர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "திக்கோ? எந்தத் திக்கு எண்டு கேளும். இந்திரனோ குபேரனோ?"

கேட்டேன். பெண்மணி சிரித்தார். பழைய கிரேக்கத் தெய்வம், பெண் தெய்வம் என்றார். இன்றைக்கும் அவளைக் கும்பிடுகிறவர்கள் அங்குமிங்கும் இருக்கிறார்கள், தானும் ஒருத்தி என்றார். "அவள் ஷான்ஸின் தெய்வம், மதாம். அதிர்ஷ்டம்."

அந்தச் சொல்லை நான் அண்மையில்தான் கேட்டிருந்தேன். பொலிஸ்காரர் வாசலில் நின்று சொன்னது. "பா த ஷான்ஸ், மதாம்." அதிர்ஷ்டம் இல்லை. இளம் பையன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

என் கணவர் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த விற்பனைக் கிடங்குக்குச் சாமான் ஏற்றும் வான் ஓடினார். அவரோடு அங்கே இன்னொருவரும் ஓடினார். லெ பிளாங்-மெனிலில் குடும்பத்தோடு இருப்பவர், எங்களை விட வயது குறைந்தவர். என் கணவரை அண்ணை என்பார், என்னை அக்கா என்பார். நான் தம்பி என்பேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். விபத்து நடந்த அன்று தூர ஓட்டம் தம்பியுடையது. மகனுடைய பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று காலையிலேயே போன் எடுத்தார். இவர் சவரம் செய்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதைத்தார்.

"அண்ணை, இண்டைக்கு என்ரை ஓட்டத்தை நீங்கள் எடுப்பியளோ? நாளைக்கு உங்கடையை நான் செய்யிறன்."

"அதுக்கென்ன, நீ போ. பிள்ளையின்ரை அலுவல் முக்கியம்."

அவ்வளவுதான் கதைத்தார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது, பெரிஃபெரிக் சுற்றுவீதியில் எதிர்ப்பக்கத்தில் வந்த லொறியொன்றின் டயர் வெடித்தது. லொறி தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து இவருடைய வானின் மேல் சாய்ந்தது. லொறிக்காரர் குடித்திருக்கவில்லை. வேகமாகவும் ஓடவில்லை. டயர்கூடப் புதிது என்றார்கள். கோபப்பட ஓர் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். மேல்மாடிக்காரர் ஏழரைச் சனி என்றார். என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, ஆண்டவர் தனக்குப் பிடித்தவர்களை முதலில் கூப்பிடுவார் என்றாள். வாசல் பார்த்திருக்கும் திசை சரியில்லை என்று ஒருவர் என்னிடமில்லாமல் என் மகளிடம் சொன்னார், அதற்கு அவள் பிரெஞ்சில் என்னவோ சொல்ல அவர் எழும்பிப் போய்விட்டார். தம்பியின் மனைவியோடு வந்த ஒரு கிழவி, தம்பியின் கையைப் பிடித்துத் தடவி, "நல்லகாலம், நீ போகேல்லை ராசா" என்று சொல்லிவிட்டாள். நான் அந்தக் கிழவிக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். சீனி காணுமோ என்று கேட்டேன்.

நான் அழவில்லை. அடக்கிக்கொண்டும் இருக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் உதடு இருக்குமே, இருக்கிறது என்று தெரியும், ஆனால் உங்களுடையது இல்லை, அப்படி இருந்தேன். ஒரு காலை மகள் என் கோப்பையிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டிருந்தேன். பாதிக் கோப்பை குடித்தும் முடித்திருந்தேன்.

அந்தப் பெண்மணி மாதாமாதம் வந்தார். அமாவாசை எங்கள் நாட்காட்டியில்தான் சரியாகப் போட்டிருக்கிறது என்பார். கடையில் சனம் இல்லாத ஒரு முற்பகலில், அவர் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நானே கேட்டேன்.

"நீங்கள் ஏன் அதைக் கும்பிடுகிறீர்கள், மதாம்?"

அவர் பையைக் கீழே வைத்தார். வாழ்க்கை முழுக்கத் தான் இந்தப் பக்கத்து வீதிகளில் பஸ் ஓட்டியதாகச் சொன்னார். பஸ்ஸால் ஒருவரையும் அடித்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று விருந்து வைத்து, அதற்காகக் கைதட்டினார்கள். "நான் கவனமாக ஓட்டினேன், உண்மைதான். ஆனால் என்னை விடக் கவனமாக ஓட்டிய ஒருவர், ஒரு குழந்தையை அடித்தார். குழந்தை இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஓடிவந்தது. அவர் அதன்பின் ஓட்டவே இல்லை. என் முன்னால் அந்தக் குழந்தை ஓடிவரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கைதட்டல் எனக்கு உரியதில்லை என்று பட்டது. யாருக்காவது நன்றி சொல்லவேண்டியிருந்தது."

"என் கணவர் வான் ஓட்டியவர்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் பில்லை வாசிப்பதுபோல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை.

"உங்கள் தெய்வம்தான் அதைச் செய்ததா?" என்று கேட்டேன். சண்டைக்கு அல்ல. தெரிந்துகொள்ள.

பையை மறுபடி கையில் எடுத்தார். "எனக்குத் தெரியாது. பழைய ஊர்களில் அவளுக்குக் கோயில் கட்டினவர்களுக்கு, ஊரைக் காப்பதும் அவள், கைவிடுவதும் அவள் என்று தெரியும். தெரிந்துதான் கட்டினார்கள். நான் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை, மதாம். அமாவாசை கழிந்து பிறை கண்ட மறுநாள் அவளுக்குத் தேன் ஊற்றுகிறேன். விரும்பினால் வாருங்கள். வந்து சும்மா இருங்கள்."

போவேன் என்று நான் நினைக்கவில்லை. போகாமல் இருப்பேன் என்றும் நினைக்கவில்லை.

அந்தக் கிழமைதான் தம்பியின் மனைவி போன் எடுத்தாள். "அக்கா, இவர் வேலையை விட்டிட்டார். வாகனத்திலை ஏறுறேல்லை. பிள்ளையளோடையும் கதைக்கிறேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோ. உங்களிட்டைக் கேக்கக் கூடாதுதான்…"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து லெ பிளாங்-மெனிலுக்குப் போனேன். தம்பி கதிரையில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சவ வீட்டுக்குப் பிறகு அவரை நான் காணவில்லை. என்னைக் கண்டதும் எழும்பி, நின்றபடியே நின்றார்.

"அக்கா, என்னைப் பேசுங்கோ."

"ஏன் தம்பி பேச?"

"பேசுங்கோ. ரண்டு அடியெண்டாலும் அடியுங்கோ. ஒருத்தரும் என்னை ஒண்டும் சொல்லீனம் இல்லை. எல்லாரும் நல்லகாலம் எண்டு சொல்லீனம்."

அவரை ஏசுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று நானும் உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய மகன் கதவோரம் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனான். அவனைப் பார்த்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

"கோயிலுக்குப் போனனான்" என்றார் தம்பி. "அர்ச்சனைக்குக் குடுத்தன். ஐயர் என்ன வேண்டுதல் எண்டு கேக்கிறார். நான் என்னெண்டு சொல்லுறது? உயிரோடை இருக்கிறதுக்கு நன்றி எண்டு சொன்னால், அண்ணை செத்ததுக்கு நன்றி எண்டெல்லோ வரும். தட்டை அப்பிடியே வைச்சிட்டு வந்திட்டன்."

வேறு கதை வராததால்தான் நான் அந்தப் பஸ் ஓட்டிய பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். கைதட்டலைப் பற்றி, ஓடிவராத குழந்தையைப் பற்றி. தம்பி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில், அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று இருந்தது.

"அந்த மனிசி எங்கை இருக்கிறா?" என்று கேட்டார் தம்பி.

கடைக்குப் பின்னால் நடந்துபோகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார் அவர். பிறை கண்ட மறுநாள் பிற்பகல் நானும் தம்பியும் போனோம். தம்பி ரயிலில் வந்திருந்தார், சவரம் செய்திருந்தார். சின்ன வீடு. குசினி அலுமாரியின் மேல்தட்டில் தெய்வம் இருந்தது. களிமண்ணில் அவரே செய்தது, ஒரு முழங்கை உயரம். தலையில் கோட்டைச் சுவர் போல் ஒரு முடி. கையில் நீளமாக ஒன்று. சுக்கான் என்று எனக்கு உடனே விளங்கியது. வள்ளங்களோடு வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் போகாது. மூக்குக் கொஞ்சம் கோணல். அழகான சிலை என்று சொல்லமுடியாது.

பெண்மணி எங்களை உபசரிக்கவில்லை, வேலையைத் தொடங்கினார். முதலில் அடுப்பு. கிரேக்கர்களுக்கு எல்லா வழிபாடும் அடுப்புத் தெய்வத்தில்தான் தொடங்கும், அவளிடமே முடியும் என்றார். அவருடையது மின்சார அடுப்பு என்பதால், பக்கத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். பிறகு, பிரியாணிக்குப் போடுவது போன்ற ஒரு காய்ந்த இலையைத் திரியில் கொளுத்தி, ஒரு கிண்ணம் தண்ணீரில் முக்கி அணைத்தார். அந்தத் தண்ணீரில் நாங்கள் மூவரும் கை கழுவினோம். கோயில் வாசலில் தீர்த்தத் தண்ணீரில் விரலைத் தோய்த்துச் சிலுவை போடுகிற பழக்கத்தில் என் கை நெற்றிக்குப் போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன். "தடையில்லை" என்றார் அவர்.

பார்லியைச் சிலையின் முன் தூவினார். நான் விற்ற சாம்பிராணி புகைந்தது. இரண்டு கையையும் உள்ளங்கை மேல்நோக்க உயர்த்தி, கிரேக்கத்தில் சில வரி சொன்னார், பிறகு அதையே பிரெஞ்சில். நல்ல தீக்கேயே, வந்ததை ஏற்றுக்கொள்கிறேன், என்கிற மாதிரி. தேனும் வைனும் கலந்து ஒரு கோப்பையில் இருந்தது. அதில் கொஞ்சத்தைச் சிலைக்கு முன்னால் இருந்த சட்டியில் ஊற்றினார். பிறகு கோப்பையைத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி வாங்கினார். ஊற்றவில்லை. பிரெஞ்சில் கேட்டார், என் காதில் அது தமிழாகவே விழுந்தது. "நான் என்னத்துக்கு நன்றி சொல்ல? எனக்கு வந்தது, இவவின்ரை மனிசன் செத்ததாலைதானே வந்தது."

"நன்றி சொல்லவேண்டாம்" என்றார் பெண்மணி. "நியாயம் என்றும் சொல்லவேண்டாம். நியாயத்துக்கும் அவளுக்கும் தொடர்பில்லை. கிடைத்தது என்று மட்டும் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் கோப்பையைக் கீழே வையுங்கள், காப்பி குடிப்போம்."

வெளியே மெத்ரோ பாலத்தில் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. தம்பி கோப்பையைச் சட்டிக்கு மேல் கொண்டுபோய்த் திரும்ப எடுக்க, அதற்குள் வைன் அலைந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்தினால் துடைக்கத் துணி எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவைத்தேன்.

"எனக்குக் கிடைச்சது" என்றார் தமிழில். ஊற்றினார். "என்ரை பிள்ளையளுக்கு அப்பா கிடைச்சது." பிறகு குசினிச் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து அழத் தொடங்கினார். பெரிய ஆள், முதுகு முழுக்கக் குலுங்கியது. பெண்மணி கோப்பையை அவர் கையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார்.

தந்ததால் வாங்கினேன். நான் சொல்ல எதுவும் யோசித்துக்கொண்டு வரவில்லை. மாதாவிடம் கேட்டதெல்லாம், என் கணவர் பத்திரமாக வீடு வந்து சேரவேண்டும் என்று தினமும் கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. அவற்றை இந்தக் கோணல் மூக்குக்காரியிடம் கேட்கத் தோன்றவில்லை. மிச்சத்தை ஊற்றினேன்.

"எனக்குக் கிடைக்கேல்லை" என்றேன்.

பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னேன் என்று கேட்கவும் இல்லை. தம்பி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது சொன்னபிறகுதான் தெரிந்தது. சொன்னதில் நெஞ்சு இளகியது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. ஆனால் அது சரியான சொல்லாக இருந்தது. சனியும் இல்லை, ஆண்டவரின் அழைப்பும் இல்லை, வாசலும் இல்லை.

பெண்மணி மறுபடி அடுப்பின் மெழுகுதிரிக்கு வந்து முடித்தார். பாண் ரொட்டியைப் பிய்த்துத் தெய்வத்துக்கு ஒரு துண்டு வைத்தார், மிச்சத்தை நாங்கள் சாப்பிட்டோம். சட்டியில் ஊற்றியதை மண்ணுக்குக் கொடுக்கவேண்டும் என்றதால், தம்பிதான் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, முற்றத்து மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். சப்பாத்தில் மண்ணோடு வந்தார்.

மெத்ரோவுக்கு நடந்து வரும்போது ஒரு கடை வாசலில் நின்றுவிட்டார். "அக்கா, ஒண்டு உங்களுக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு மத்தியானம் அண்ணை எனக்குப் போன் எடுத்தவர்."

"என்னத்துக்கு?"

"சாமான் இறக்கிற இடத்திலை நிண்டு எடுத்தவர். பள்ளிக்கூடத்திலை என்ன சொன்னவை எண்டு கேக்க. பெடியன் நல்லாச் செய்யிறான் எண்டு சொல்லினம் அண்ணை எண்டன். சிரிச்சிட்டு, அப்ப நான் ஓடினது வீண் போகேல்லை எண்டார்." தம்பி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு அதை ஒருத்தருக்கும் சொல்ல ஏலாமல் கிடந்தது. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"நல்லது தம்பி, சொன்னது" என்றேன். ரயிலுக்கு நேரமாகிறது, போய்விட்டு வாரும் என்றேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் அதைச் சொன்னேன். கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழும்பி உட்கார்ந்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்பா எப்படிச் சிரித்தாராம், வாய் திறந்தா, மூக்காலா என்று பிரெஞ்சில் கேட்டாள். அது நான் கேட்கவில்லை என்றேன். தம்பியின் நம்பரை வாங்கி, தானே எடுத்துக் கேட்டாள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கதைத்தாள். அவள் தமிழில் கதைக்கும் சத்தம் வெளியே கேட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொன்னேன், வேறு தெய்வத்தின் முன் தேன் ஊற்றினேன் என்று. அதனிடம் ஏதாவது வேண்டினீர்களா என்று கேட்டார். இல்லை, ஒரு விஷயத்தைச் சொன்னேன் என்றேன். "ஆண்டவரிட்டையும் அதைச் சொல்லலாம், அம்மா. அவர் தாங்குவார்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

தம்பி லெ பிளாங்-மெனிலில் பாண் சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பல மாதம் கழித்து வாகனம் ஓடத் தொடங்கினார். மாதத்தில் ஒருநாள், முடிந்தால், பெண்மணியின் வீட்டுக்கு வருவார். நானும் சில முறை போனேன். நான் போனால் ஊற்றுவதில்லை, பார்லியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்து, கதிரையில் இருந்துவிட்டு வருவேன். நான் அவளைக் கும்பிடுகிறவள் இல்லை. ஆனாலும், அவள் முன்னால் என் முகத்தை மற்றவர்களுக்காக வைப்பதுபோல் வைத்திருக்கத் தேவை இல்லை.

மரத்துப்போனது போகவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கும் இருந்தது, அதற்குப் பிறகும் இருந்தது.

தை மாதம் எங்கள் வீட்டுச் சூடாக்கி பழுதானது. திருத்துகிறவர் வருகிறேன் என்றார், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அன்று போன் எடுத்தால், நீங்கள் வீட்டில் இல்லை, அதனால் திரும்பிவிட்டேன் என்கிறார். காலையிலிருந்து நான் மேலங்கியோடு கதவடியில் இருந்தவள். என் குரல் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிரெஞ்சில் தொடங்கி, பிரெஞ்சு முடிந்துபோய்த் தமிழில் ஏசினேன். உனக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லையோ, குளிரில் மனிசர் விறைத்துச் சாகவேணுமோ என்று ஏசினேன். அந்த மனிதர் எனக்கு என்ன செய்தார், பாவம். மேல்மாடிக்காரர் படியில் எட்டிப்பார்த்தார். எனக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்காமலே ஏசினேன்.

மகள் அறையிலிருந்து வந்து, கம்பளி போர்த்தபடி நின்றாள்.

"அம்மா, கத்துறீங்கள்" என்றாள்.

"ஓம், கத்துறன். ஏன், கத்தக் கூடாதோ?"

"கத்துங்கோ" என்றாள்.

அந்தப் பின்னேரமே திருத்துகிறவர் வந்தார். ஒரு சின்ன உதிரிப்பாகத்தை மாற்றினார், என் பக்கம் திரும்பாமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். வீடு மெல்ல மெல்லச் சூடானது. அதிகமாகவே சூடாகி, எனக்கு வேர்த்தது. யன்னலைத் திறந்தேன். பனி வாடையும் கீழே தெருவில் கதைத்துக்கொண்டு போகிறவர்களின் சத்தமும் உள்ளே வந்தன. மகள் குளிருது என்றாள். சாத்தினேன்.